ஓட்டை உள்ள ஹெட்போன்

14 அக்டோபர் 1996, திங்கள்

மஸ்கட்டிலிருந்து வீட்டுக்காரர் சஜுவின் கடிதம். நாலு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் வெயிலும் கம்பெனி மெஸ்ஸின் பருப்பும். மிச்ச அரைப் பக்கத்தில்தான் நான் கேட்ட ஹெட்போன். கடைக்காரன் சொன்னானாம், பின்பக்கம் ஓட்டை உள்ளதை வாங்காதே, சத்தம் வெளியே போய்விடும், மூடியதுதான் நல்ல இனம் என்று. "நீ எழுதினது ஓட்டை உள்ளதாக்கும். விலையும் அதுக்குத்தான் கூடுதல். பைசா கூடுதல் குடுத்து ஓட்டை வாங்கணுமா?" என்று என்னிடமே நியாயம் கேட்கிறார்.

கல்யாணமாகி ஒன்பது வருடம். இத்தனை வருடத்தில் நான் வாய்திறந்து கேட்ட முதல் வெளிநாட்டுச் சாமான் இது. தங்கம் கேட்டேனா? சேலை கேட்டேனா? கேட்ட ஒன்றிலும் கடைக்காரன் பேச்சுக்குத்தான் மதிப்பு. பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுப்பது நானா அவனா?

20 அக்டோபர், ஞாயிறு

பதில் எழுதிவிட்டேன். கோபத்தில் எழுதினால் என் கையெழுத்து நன்றாக வருகிறது.

போன வருடம் எங்கள் சபைப் பாடகர் குழு கிறிஸ்துமஸ் பாட்டுக் கேசட் பதிக்கத் திருவனந்தபுரம் போனதை நினைவுபடுத்தினேன். அங்கே பதிவு செய்கிறவர் தன் ஹெட்போனைக் கழற்றி எனக்குக் கொடுத்தார். பின்பக்கம் வெறும் வலை. காதில் வைத்துக் கண்ணை மூடினேன். பாட்டு தலைக்குள்ளே இல்லை, வெளியே நின்றது! பெண்களின் மேல்குரல் இடப்பக்கம், ஆண்களின் கீழ்க்குரல் கொஞ்சம் பின்னால், என்னோடு இரண்டாம் குரல் பாடுகிறவர்கள் வலப்பக்கம். யார் எங்கே சுருதி விடுகிறார்கள் என்று விரலை நீட்டிச் சொல்லலாம். அப்புறம் மூடிய ஒன்றையும் தந்தார். அதே பாட்டு. நாற்பது பேரையும் பிஸ்கட் டின்னில் போட்டு அடைத்ததுபோல் இருந்தது. ஆனால் தவிலும், செண்டையும், சினிமாக் குத்துப்பாட்டும் அதில்தான் நெஞ்சில் இடிக்கும். அதையும் மறைக்காமல் எழுதினேன்.

எனக்கு இடி வேண்டாம். நாலு குரலையும் வயலினையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அதற்குத் திறந்ததுதான் சரி. இடி வேண்டியவர்கள் வேன் ஓட்டுகிறவர்கள்.

8 நவம்பர், வெள்ளி

இப்படியும் ஒரு கூத்து நடக்குமா?

பாறசாலை சந்திப்பில் வேலாயுதன் நடத்தும் டெலிபோன் பூத்துக்குச் சாயங்காலம் வரச்சொல்லி சஜு எழுதியிருந்தார். போனேன். அந்தப் பக்கம் சஜு கடையிலிருந்தே பேசுகிறார். நான் அனுப்பிய எங்கள் சபைக் கேசட்டைப் போட்டு, ஒவ்வொரு ஹெட்போனாகப் போன் வாயில் வைத்துக் காட்டுகிறாராம், நானே கேட்டுத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டுமாம். டெலிபோன் வழியாக ஹெட்போன்! கடலுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டதெல்லாம் குப்பிக்குள் கொசு.

"இது ஒண்ணாமத்தது. இனி ரெண்டாமத்தது. எது கொள்ளாம்?" என்கிறார். மூன்றாவதில் ஒன்றுமே கேட்கவில்லை. அது மூடியதாம். "பாத்தியா, ஒரு பொடி சத்தம் வெளிய வரல்ல. அதாக்கும் தரம்."

என் பின்னால் நின்றவர்கள் என்ன விஷயம் என்று கேட்டார்கள். வேலாயுதன் விளக்கினார். வரிசையில் நின்ற எல்லோரும் மூடியதற்கே ஓட்டுப் போட்டார்கள். இவர்களில் ஒருவராவது வாழ்நாளில் ஹெட்போனைத் தொட்டிருப்பார்களா? குவைத்துக்குப் போன் செய்ய வந்த ஒரு அம்மா என் தோளைத் தட்டி, மாப்பிள்ளை சொன்னதைக் கேளு என்று புத்தி வேறு சொன்னார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பூத் கண்ணாடி அதிரக் கத்தினேன். "ஓட்டை உள்ளது வாங்குங்க. இல்லாட்டா ஒண்ணும் வாங்காண்டாம்."

9 நவம்பர்

மீன்காரி கேட்கிறாள், "டீச்சரே, ஓட்டை வாங்கியாச்சா?"

3 ஜனவரி 1997, வெள்ளி

சஜு வந்துவிட்டார். மெலிந்திருக்கிறார். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எழுத வருவது பெட்டியைப் பற்றித்தான்.

பெட்டி உடைக்கிறபோது சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள். கயிற்றை அறுத்து அட்டையை விரித்தார். மேலே, தன் இரண்டு பனியனுக்குள் சுற்றி, நசுங்காமல், ஹெட்போன். திறந்ததுதான். நான் கேட்டதேதான். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வெளியே எடுத்தார். நான் கை நீட்டினேன். அதற்குள் மாமியின் கை.

மகன் நல்லபடி வந்து சேர்ந்தால், பெட்டியில் முதலில் கைக்கு வருவது சபைக்கு என்று மாமி நேர்ந்திருக்கிறாராம். எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. முதல் பலாச்சக்கை, முதல் வாழைக்குலை, கோழியின் முதல் முட்டை, எல்லாம் சபைக்குப் போகும், அறுப்பின் பண்டிகையில் ஏலம் போகும். ஆட்கள் வளைகுடா போகத் தொடங்கியபின் பெட்டியின் முதல் சாமானும் சேர்ந்துகொண்டது. அதனால்தான் அங்கிருந்து வருகிறவர்கள் எல்லோரும் மேலே ஒரு சோப்புக்கட்டியை வைப்பார்கள். கண்தெரியாதவன்கூட வைப்பான்.

எங்கள் பெட்டியிலும் சோப்பு உண்டு. ஒரு டஜன். அடியில்.

"நசுங்கிப் போவுமேன்னு மேல வச்சேன் சிஜி" என்கிறார். என் சாமானைப் பத்திரமாகக் கொண்டுவந்ததுதான் அவர் செய்த தப்பு. இவரை என்ன சொல்லித் திட்டுவது?

4 ஜனவரி

மாமியிடம் கேட்டுப் பார்த்தேன். சோப்பு டஜனையும் கொடுக்கலாம், கூட என் சம்பளத்தில் ஒரு பங்கும் போடுகிறேன் என்றேன்.

"நேந்தது நேந்ததாக்கும் மக்கா. தெய்வத்துக்க கிட்ட பேரம் பேசப்பிடாது."

சரி, ஒரே ஒரு தடவை காதில் வைத்துக் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்றேன். எச்சில் பட்டதைப் படைக்கக் கூடாதாம். காதில் ஏது எச்சில்? அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார்.

ஏலத்தில் நானே எடுத்துத் தந்துவிடுகிறேன் என்று சஜு மெல்லச் சொன்னார். கொடுத்த கையே திரும்ப எடுப்பது துப்பினதை நக்குகிற மாதிரி என்றார் மாமி. அதோடு சஜு ஏலப் பேச்சை விட்டுவிட்டார். பெற்ற தாய் முன்னால் ஒரு வார்த்தை வராது, போனில் மட்டும் எனக்குத் தரம் சொல்லித் தருவார்.

பைபிளில் அவசரப்பட்டு நேர்ந்துகொண்டவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு நானேதான் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தக் கதையை இந்த வாரம் சொல்லவில்லை. சொன்னால் வேறு மாதிரி சொல்லிவிடுவேன்.

12 ஜனவரி, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அறுப்பின் பண்டிகை ஆராதனை முடிந்து சபை முற்றத்தில் ஏலம். ஏலம் விட்டது ஜெயதாஸ் அண்ணன். சேனைக்கிழங்கு, ரப்பர் ஷீட் ஒரு கட்டு, இரண்டு கோழி, ஒரு குலை ரசகதலி. அப்புறம் என் ஹெட்போனைக் கம்பியைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார், கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கினது போலவே. "ஃபாரின் சாதனம். காத்தோட்டம் உள்ளது."

எல்லோரும் சிரித்தார்கள். பெண்கள் பக்கத்தில் நானும் இருந்தேன். எங்கள் சபையில் பெண்கள் ஏலத்தில் விலை விளிப்பதில்லை. வேண்டுமென்றால் வீட்டு ஆணிடம் கண் காட்டுவார்கள், அவர் விளிப்பார். நான் கண் காட்டினேன். என்னவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மைக்செட் வாடகைக்கு விடும் சத்தியதாஸ் முதலில் விளித்தார். இன்னொருவர் கொஞ்சம் ஏற்றினார். சத்தியதாஸ் மறுபடி ஏற்றினார். பிறகு கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "சைக்கிள் டியூப் வெட்டி இந்த ஓட்டையெல்லாம் ஒட்டி அடச்சாப் போதும். பின்ன நல்ல இடி கிட்டும்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. எழுந்து நின்றேன். என் குரல்தான் விளித்தது. பாட்டு டீச்சரின் குரல், முற்றத்தின் கடைசிவரை கேட்டிருக்கும். ஜெயதாஸ் அண்ணன் ஆண்கள் பக்கம் திரும்பி யார் விளித்தது என்று தேடினார். நான் இரண்டாம் தடவையும் விளித்தேன். சத்தியதாஸ் ஏற்றினார். நானும் ஏற்றினேன். அவர் என்னைப் பார்த்தார், சஜுவைப் பார்த்தார், கையை விரித்துவிட்டார்.

ஏலத்தில் எடுத்ததைத் திரும்பச் சபைக்கே கொடுப்பது பெருமை. அதை மறுபடி ஏலம் விடுவார்கள். ஜெயதாஸ் அண்ணன் என்னைக் கேட்காமலே, "டீச்சர் இத திரும்ப சபைக்குத் தாறாங்க" என்று ஆரம்பித்துவிட்டார்.

"தரல்ல" என்றேன். "எனக்கு வேணும்."

முன்னால் போய் வாங்கிக்கொண்டேன். மாமி எழுந்து தனியாக வீட்டுக்கு நடந்தார்.

13 ஜனவரி

மாமி பேசவில்லை. சாப்பாட்டை மட்டும் மூடி வைத்திருக்கிறார். குழம்பில் உப்பு இல்லை. மறந்தாரா, வேண்டுமென்றா?

சஜு மன்னிப்புக் கேட்டார். நான் விளிக்கும்போது தனக்குக் கால் வியர்த்ததாம். எனக்கு வியர்க்கவில்லையா?

26 ஜனவரி

இன்றுதான் ஒருவர் தொந்தரவும் இல்லாமல் கேட்டேன். சபைக் கேசட் முழுதும். நினைத்தபடியே எல்லோரும் அவரவர் இடத்தில் நிற்கிறார்கள். அப்புறம் ஒரு வயலின் கச்சேரி, வில் திரும்புகிற உராய்வுகூட விழுகிறது. அழுதுவிட்டேன், ஆமாம். யாரும் பார்க்கவில்லை.

சஜு தன் சினிமாக் கேசட்டைப் போட்டுக் கேட்டார். தவில் பட்டினி கிடந்தவன் அடிப்பதுபோல் இருந்ததாம். பிறகு நானும் கேட்டேன். உண்மைதான். ஒப்புக்கொள்ளவில்லை.

9 பிப்ரவரி

சஜு திரும்பிப் போனார். பெண்கள் ஏலம் விளிக்கலாமா என்று கமிட்டி கூடிப் பேசியதாம். கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லையாம். தேடியிருக்கிறார்கள் பாருங்கள்!

மாமி இன்னும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஆரு அங்க?" என்றுதான்.

11 ஜனவரி 1998, ஞாயிறு

அறுப்பின் பண்டிகை. இந்த வருடத்தின் முதல் வரிக்கச் சக்கை ஏலத்துக்கு வந்தது. ஆண்கள் ஒருவரும் வாய்திறக்கும் முன்பே பெண்கள் பக்கத்தில் பிரேமகுமாரி விளித்தாள். போன வருடம் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டவள்.

உடனே என் பக்கத்திலிருந்து இன்னொரு குரல் ஏற்றியது. மாமி. என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை. பிரேமகுமாரி விடவில்லை, மாமியும் விடவில்லை. ஜெயதாஸ் அண்ணன் இங்கும் அங்கும் திரும்பிக் கழுத்தைத் தடவிக்கொண்டார். நாலைந்து சுற்றில் மாமிக்கு இருமல் வந்து குரல் அடைத்துவிட்டது. என் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

"எனக்க தொண்ட போச்சு மக்கா. அவள விட்டுராத. நீ விளி."

எழுந்து நின்று விளித்தேன்.