நெஸ்டாவின் கையெழுத்து

12 மார்ச் 2018, திங்கள்

"கழிச்ச எண் எங்க சார் போகுது?" என்று என் வகுப்பில் எமிர் கேட்டு நாற்பது வருடம் இருக்கும். மூன்றாம் வகுப்பு. ஒன்பதிலிருந்து நான்கைக் கழித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். ஐந்து மிச்சம், சரி, அந்த நான்கு எங்கே? மேசையில் ஒன்பது கொட்டைகளை வைத்து, நான்கை எடுத்து என் கோட்டுப் பையில் போட்டு, "இதோ இங்க இருக்கு, தொலைஞ்சு போகல" என்றேன். நல்ல பதில் என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.

இன்று காலை என் மனைவி நெஸ்டா கிட்டத்தட்ட அதையே கேட்டாள். "வங்கில போட்ட என் பணம் எங்க போச்சு?"

பணம் போகவில்லை. வங்கிதான் போய்விட்டது. நம் தெருக்கோடியில் இருந்த கிளையை மூடி இரண்டு வருடம் ஆகிறது. இப்போது எல்லாம் தொலைபேசி. வட்டியை மறுபடியும் குறைத்துக் கடிதம் வந்திருக்கிறது. அவள் மருத்துவச்சியாக இருந்த காலத்தில் வருடா வருடம் வரியில்லாச் சேமிப்பில் போட்ட பணம். அவள் பெயரில் மட்டும் இருப்பது. அந்தக் கணக்கைக் கூட்டாக வைக்க முடியாது.

அது கைக்கு வந்தால் காலை வேளைகளில் அவளோடு இருக்க ஒரு ஆளை வைக்கலாம். வராவிட்டால், அவளுடைய மறதி போகிற போக்கில் குளிர்காலத்துக்குள் அவளை முதியோர் விடுதியில் விட வேண்டியிருக்கும் என்று மருத்துவர் போன வாரம் சொன்னார். என் ஓய்வூதியம் அடுப்புக்கும் கணப்புக்குமே சரியாக இருக்கிறது.

15 மார்ச், வியாழன்

வங்கிக்குத் தொலைபேசினேன். இருபத்தைந்து நிமிடம் இசை. பிறகு ஒரு பெண். "கணக்கு வச்சிருக்கவங்ககிட்டதான் பேச முடியும் ஐயா." தொலைபேசியை நெஸ்டாவிடம் கொடுத்தேன், நானும் காதை ஒட்டி வைத்துக் கேட்டேன்.

"அம்மா, பாதுகாப்புக்காகக் கேக்கறேன். உங்க அம்மாவோட கல்யாணத்துக்கு முந்தின பேர் என்ன?"

"அது எதுக்கு உனக்கு? உங்க அம்மா பேர் என்னன்னு நான் கேட்டேனா?"

"இல்லம்மா, இது விதிமுறை..."

"மூணு மாசம்தான? வயிறு இன்னும் தெரியாது. நல்லா சாப்பிடு, பயப்படாத."

அந்தப் பெண் மெல்ல, "நன்றிம்மா" என்றாள். உண்மையாகவே கர்ப்பமா, தெரியாது. ஆனாலும் மூன்று கேள்விக்கும் பதில் சரியில்லை என்று கணக்கைப் பூட்டிவிட்டார்கள். இனி எல்லாம் கடிதத்தில்தானாம்.

19 மார்ச், திங்கள்

ஊர்ச் சேமிப்புச் சங்கத்தில் இன்னும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மென்னா இருந்தாள், என் பழைய மாணவி, இப்போது தலை நரைத்துவிட்டது.

"மொத்தத்தையும் எடுத்துட்டு வந்து இங்க போட்டுடறேன், மென்னா."

"ஐயோ சார், அத மட்டும் செஞ்சிடாதீங்க. கைக்கு வந்துட்டா அது சாதாரணப் பணம். வரியில்லாத் தகுதி அதோட போச்சு. ஒரு வருஷத்துக்கு இவ்வளவுதான்னு மறுபடி முதல்லேருந்து போடணும். நீங்க தொடவே கூடாது. நாங்க வங்கிக்கு எழுதி வாங்கிக்கறோம். இங்க வந்தப்புறம் வேணுங்கறப்ப கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கலாம். பதினஞ்சு வேலை நாள்ல அனுப்பியாகணும்."

புரிந்தது. பள்ளி மாறுகிற பிள்ளை மாதிரி. பழைய பள்ளியிலிருந்து புதிய பள்ளிக்குப் பதிவேடு போனால் படித்த வருடங்கள் எல்லாம் கூடவே போகும். பிள்ளை தானாகப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டால் பதிவேட்டில் பெயரை அடித்துவிடுவார்கள்.

மென்னா சிரித்தாள். "இன்னும் உதாரணத்த விடல சார் நீங்க."

ஒரே ஒரு படிவம். ஒரே ஒரு கையெழுத்து. நெஸ்டாவுடையது.

20 மார்ச்

போட்டுவிட்டாள். தேநீருக்கு முன்னால், ஒரே மூச்சில். கொஞ்சம் நடுங்கியிருந்தது. பரவாயில்லை.

9 ஏப்ரல், திங்கள்

"எங்களிடமுள்ள மாதிரியோடு கையெழுத்து பொருந்தவில்லை." அவ்வளவுதான் கடிதம். அவர்களிடமுள்ள மாதிரி 1999-ஆம் வருடத்தது. இந்தப் பள்ளத்தாக்கில் பாதிப் பேரின் பிறப்புக் குறிப்பில் இருக்கிற கையெழுத்து அது. பனியில் வண்டி நின்றுபோய், நடந்து போய், பிரசவம் பார்த்து, விடிந்ததும் அடுப்பங்கரை மேசையில் போட்ட கையெழுத்து.

மென்னா புதுப் படிவம் கொடுத்தாள்.

11 ஏப்ரல்

கோடு போட்ட நோட்டு வாங்கினேன். அவளுடைய பழைய கையெழுத்தை மேல் வரியில் ஒட்டி, கீழே பத்து வரி. காலையில் ஐந்து, மாலையில் ஐந்து. 'நெஸ்டா கெதின்'. 'கெதின்' என்பதன் முதல் வளைவில்தான் தடுமாறுகிறாள். அதை மட்டும் காற்றில் பெரிதாக எழுதிக் காட்டினேன்.

"நான் என்ன உன் வகுப்புப் பிள்ளையா?"

"இல்ல கண்ணு. ஒரு படிவத்துக்கு."

"வெளில நிக்க வைப்பியா?"

"வெளில மழை."

சிரித்தாள். எழுதினாள். நன்றாகவே வந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுத வெட்கமாயிருக்கிறது.

20 ஏப்ரல், வெள்ளி

இன்று படிவத்தில் போட வைத்தேன். வளைவு அழகாக விழுந்தது. அவள் முடித்த மறுகணம் மடித்து உறையில் போட்டு, மழை என்றும் பார்க்காமல் சங்கத்துக் கதவிலுள்ள பெட்டியில் போட்டு வந்தேன்.

23 ஏப்ரல், திங்கள்

மென்னா தொலைபேசினாள். "சார், படிவம் உங்ககிட்டேருந்துதான வந்தது? கையெழுத்துல வேற பேர் இருக்கே."

"என்ன பேரு?"

"நெஸ்டா ப்ரோபர்ட்னு இருக்கு. யாரு சார் ப்ரோபர்ட்?"

அவளுடைய அப்பா. 1966-இல் எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் அவள் பெயர் அது.

முப்பத்தாறு வருடம் பிள்ளைகளின் தாளில் ஒரு புள்ளிகூட விடாமல் பார்த்தவன். இதை ஒரு முறை பார்க்கவில்லை. கைவளைவையே பார்த்துக்கொண்டிருந்தேன், எழுதியதைப் பார்க்கவில்லை.

மாலையில் வழக்கம்போல் நோட்டை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பேனாவைத் திறந்து கொடுத்தேன். இல்லாமல் போன அந்த ஐம்பத்திரண்டு வருடம் எங்கே? எந்தக் கோட்டுப் பையில்?

25 ஏப்ரல், புதன்

மூன்றாவது படிவம். உண்மையை எழுதிவிடுகிறேன். நானே போட்டுவிடலாமா என்று பேனாவோடு உட்கார்ந்தேன். இரண்டு வருடமாகக் கிறிஸ்துமஸ் வாழ்த்துகளில் அவள் பெயரையும் நான்தான் எழுதுகிறேன். யாரும் கண்டுபிடித்ததில்லை. அவளுடைய பணம், அவளுக்காக. யாருக்கு நஷ்டம்?

அவளையே கேட்டேன். "நெஸ்டா, இது எதுக்குக் கையெழுத்துன்னு தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் ஏன் தினமும் போடற?"

"நீ கேட்டியே. அதான்."

பலகையில் இருக்கிற விடையைப் பார்த்து எழுதும் பிள்ளைக்கு நான் ஒருநாளும் மதிப்பெண் போட்டதில்லை. இரண்டு வாரமாக அதைத்தான் அவளிடம் பழக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். கைக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவளுக்குச் சொல்லிக் கொடுக்க முடியவில்லை.

படிவத்தைக் கணப்பில் போட்டேன்.

26 ஏப்ரல்

நோட்டு எங்கே என்று கேட்டாள். கொடுத்தேன். எழுதட்டும்.

8 மே, செவ்வாய்

வழக்கறிஞர் பெய்னன் வீட்டுக்கு வந்தார். அவள் சார்பில் நான் கையெழுத்திட அதிகாரம் கொடுக்கும் பத்திரம். அவளுக்குப் புரிந்து அவளே கொடுத்தால்தான் செல்லும். என்னைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு அரைமணி நேரம் தனியாகப் பேசினார். வெளியே வந்து தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார். அப்போதே தெரிந்துவிட்டது.

"நல்லாப் பேசினாங்க. உங்களப் பத்தி அவ்வளவு நல்லதா சொன்னாங்க. ரொம்பப் பொறுமைசாலி, தினமும் எழுதக் கத்துத் தர்றார்னு."

"அப்புறம்?"

"உங்க பேரத்தான் சொல்லத் தெரியல, அல்வின். மன்னிச்சுக்குங்க."

இனி நீதிமன்றம்தான். ஆறேழு மாதம் ஆகுமாம்.

17 மே

நீதிமன்றத்துக்கு வேண்டிய தாள்களைத் தேடும்போது சமையலறை இழுப்பறையில், உத்தரவாதச் சீட்டுகளுக்கு அடியில் ஒரு பழுப்பு உறை. அதே அதிகாரப் பத்திரம். 2014-இல் அவளே வாங்கி வந்தது. அவளுடைய பகுதி முழுக்க நிரப்பி, அந்த அழகான கையெழுத்தையும் போட்டு வைத்திருக்கிறாள். சாட்சி இல்லை. நான் போட வேண்டிய இடம் காலி.

நினைவு வருகிறது. வெள்ளரி விதை போட்டுக்கொண்டிருந்தேன். "அல்வின், ரெண்டு பேரும் போய் இத முடிச்சுடலாம்" என்றாள். "என்ன அவசரம்? அடுத்த வாரம் பாக்கலாம்" என்றேன்.

அவளுக்கு அன்றைக்கே ஏதோ தெரிந்திருக்கிறது. எத்தனையோ வீட்டில் இந்த மறதியைப் பார்த்தவள். எனக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். எனக்குத்தான் ஏறவில்லை.

பெய்னனிடம் கேட்டேன். சாட்சியில்லாத கையெழுத்து செல்லாதாம்.

3 ஆகஸ்ட்

வங்கியிலிருந்து கடிதம். வட்டி இன்னும் குறைகிறது. "எங்கள் மதிப்புக்குரிய வாடிக்கையாளர் நெஸ்டா கெதின் அவர்களுக்கு." எடுத்துப் போய் அவளிடம் வாசித்தேன். "யாரோ மரியாதையா எழுதியிருக்காங்க" என்றாள்.

30 அக்டோபர், செவ்வாய்

காலையில் ஆற்றுப் பாலத்தில் இரவு உடையோடு நின்றிருந்தாள். பிரசவத்துக்குக் கூப்பிட்டார்கள் என்றாள். பால்காரர்தான் அழைத்து வந்தார்.

12 நவம்பர்

விடுதியில் சேர்த்தேன். நோட்டையும் பையில் வைத்தேன்.

14 நவம்பர்

ஒருவனுக்கு எவ்வளவு தேநீர் போடுவது என்று தெரியவில்லை. இரண்டு கோப்பை கழுவினேன்.

22 ஜனவரி 2019, செவ்வாய்

நீதிமன்ற ஆணை வந்தது. மென்னாவிடம் போனேன். நான்காவது படிவம். கையெழுத்து இடத்தில் 'நெஸ்டா கெதினுக்காக' என்று எழுதி என் பெயரைப் போட்டேன். மென்னா அதை இரண்டு முறை படித்துப் பார்த்தாள். நான் பார்க்காமல் விட்டதையும் சேர்த்துப் பார்க்கிறாள் போல.

12 பிப்ரவரி, செவ்வாய்

பதினைந்து வேலை நாள். ஒருநாள்கூடப் பிசகவில்லை. வரியில்லாத் தகுதியோடு, வருடங்களோடு, எல்லாம் முழுசாக வந்து சேர்ந்துவிட்டது. காலை வேளைக்கு ஆள் வைக்க வேண்டியதில்லை இனி. அந்தப் பணம் விடுதிச் செலவுக்குப் போகும்.

மாலையில் போனேன். ஜன்னலோரம் எழுதிக்கொண்டிருந்தாள். எல்லா வரியிலும் ப்ரோபர்ட்.

"உக்காருங்க சார். யாரப் பாக்க வந்தீங்க?"

"உங்களத்தான். உங்க பணம் வேற இடத்துக்கு மாறிடுச்சு. பத்திரமா இருக்கு."

"நல்லதாப் போச்சு," என்றாள். நோட்டை என் பக்கம் திருப்பினாள். "இதப் பாருங்க. வளைவு சரியா வருதா?"

சரியாக வருகிறது என்றேன்.

இந்த நாட்குறிப்பு என்றாவது யார் கையிலாவது கிடைத்தால் ஒன்றே ஒன்று செய்து பாருங்கள். உங்கள் வீட்டு இழுப்பறையில் அடுத்த வாரத்துக்கென்று வைத்த உறை இருக்கும். அதை இன்று வெளியே எடுங்கள், கொண்டுவந்து வைத்தவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள், பக்கத்து வீட்டுக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்.