மேசையருகே இன்னும் நிற்கிறான்

உன் பழைய கைப்பேசி என்னிடம்தான் இருக்கிறது. ஒரு மூலையில் விரிசல். பின்னால் நீ ஒட்டிய மஞ்சள் பூ ஸ்டிக்கர் பாதி உரிந்துவிட்டது. இன்று காலை பால் பொங்கும் நேரத்தில் சமையல் மேடை மேல் அது அதிர்ந்து, கொஞ்சம் நகர்ந்து, நின்றது. அடுப்பை அணைத்துவிட்டுப் பார்த்தேன்.

'சிஸ், ஒரே மூச்சுல படிச்சேன். அவன் என்ன சொன்னான்? அடுத்த யூடி எப்போ?'

யூடி என்றால் அடுத்த அத்தியாயம். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள் நீ. 'ஊருக்கே நியூஸ் சொல்ற, இது தெரியலயே ரிப்போர்ட்டரம்மா' என்று சிரித்தாய். நீ போன பிறகு உன் தங்கை இந்தக் கைப்பேசியை என் கையில் வைத்து, 'உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா. அது சத்தம் போட்டா அவதான் கூப்புடுறா மாதிரி இருக்குது' என்றாள். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. ஆனாலும் தினமும் சார்ஜ் போடுகிறேன்.

கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அப்போது நீ ஒரு வரிகூட எழுதியதில்லை. நான் பத்திரிகைக்குப் போனேன், நீ தேர்வெழுதி வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்துக்குப் போனாய். எந்த அலுவலகம் என்று இங்கே சொல்லப் போவதில்லை. உன்னை எழுத வைத்தது ஓர் அழைப்பிதழ்.

ஒரு விழா அழைப்பிதழில் யார் பெயருக்குக் கீழே யார் பெயர் வர வேண்டும் என்பது உங்கள் அலுவலகத்தில் உயிர்போகும் விஷயம். வரிசை மாறி அச்சாகிவிட்டது. நீ அனுப்பிய வரைவில் வரிசை சரியாகத்தான் இருந்தது. மாற்றிச் சுருக்கொப்பம் போட்டவர் உன் பிரிவுக் கண்காணிப்பாளர். மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தவர், உன்னை அவர் மேசைப் பக்கத்தில் நிற்க வைத்தார். சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லாரும் திரும்பி வந்தார்கள். மனு கொடுக்க வந்தவர்கள் உன்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சாயந்திரம் வரை நீ நின்றாய்.

அன்று பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் நீ என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று. 'திட்டினது கூட மறந்துடும்டி. என்னைச் சுத்தி நடந்து போனாங்க பாரு, ஏதோ பீரோவ சுத்திப் போற மாதிரி. அது மறக்கல.'

செய்தியாகப் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாய். சில மாதம் கழித்து, கைப்பேசியில் கதை படிக்கும் செயலி ஒன்றில், வேறு பெயரில் தொடர் ஆரம்பித்தாய். அலுவலகக் காதல் கதை. முதல் அத்தியாயத்தில் மேலதிகாரியான அவன் அவளை எல்லார் முன்னாலும் நிற்க வைக்கிறான். போகப்போகக் காதல் வர வேண்டும்.

படித்துவிட்டு எனக்குக் கோபம் வந்தது. 'இந்த ஆளையா ஹீரோ ஆக்குற?'

'நிஜத்துல அவரு மூஞ்சியப் பாத்தா எனக்கு டீ கூட எறங்காது. கதையில மட்டும் உயரமா, அழகா இருக்கான்.' பிறகு தம்ளரை வைத்துவிட்டுச் சொன்னாய்: 'வில்லனா எழுதினா ரெண்டு வாரம் படிப்பாங்க. காதலனா எழுதினா அவன் திருந்துற வரைக்கும் விட மாட்டாங்க. எனக்கு அவன் திருந்தணும்.'

விடத்தான் இல்லை அவர்கள். பௌர்ணமியன்று ஊர் முழுக்கக் கூட்டம், கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏற முடியாது, என் வீட்டில் தங்கிவிடுவாய். ஜன்னலுக்கு வெளியே மலை சுற்றப் போகிறவர்களின் வெறுங்கால் சத்தம். உள்ளே நீ எனக்கு வாசகர்களை வாசித்துக் காட்டுவாய். 'ஹீரோ பாவம் அக்கா, சீக்கிரம் சேர்த்து வைங்க.' 'அவனை இன்னும் ரெண்டு யூடி அழ விடுங்க சிஸ்.' கதையில் என்ன நடந்தாலும் சிவப்பு இதயம் போடுகிற ஒருத்தி. ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் வைத்திருந்தாய். ஒன்றை மட்டும் உன் சொந்தக் குரலில் படித்தாய்: 'எங்க ஆபீஸ்லயும் ஒருத்தன் இருக்கான். இவன் மாதிரி எல்லாம் திருந்த மாட்டான். அதனாலதான் தினமும் வந்து இதப் படிக்கிறேன்.'

ஒருமுறை கடலை வரத்து பற்றி எழுத உங்கள் ஊருக்கு வந்து, மறுநாள் காலை உன்னோடு பஸ்ஸில் திரும்பினேன். அந்த பஸ்ஸே உன் வாசகர் மன்றம் என்று நீ முன்கூட்டிச் சொல்லவில்லை. வளையல் கடையில் வேலை பார்க்கும் ஷாகிரா கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து வாசித்தாள். நர்ஸ் கோமதி சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். எழுதுகிறவள் பக்கத்து இருக்கையில் இருப்பது யாருக்கும் தெரியாது.

'ஐயோ, இன்னிக்கும் மன்னிப்பு கேக்கலயா?' என்றாள் கோமதி.

'வாயத் தொறந்தான். ஃபோன் வந்துடுச்சாம்' என்றாள் ஷாகிரா.

'எழுதுறவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகல போல. அதான் ஆம்பளய இந்த வாட்டு வாட்டுறா.'

நீ ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாய்: 'ஆகியிருந்தா இன்னும் ஜாஸ்தி வாட்டியிருப்பா.'

கண்டக்டர்கூடச் சிரித்தார். எனக்கு மட்டும் உன் கை தெரிந்தது. முன்னிருக்கைக் கம்பியை இறுகப் பிடித்திருந்தது. அவர்கள் கேட்கும் அந்த ஒன்று உனக்கு எழுத வரவில்லை. எத்தனையோ முறை எழுதி அழித்தாய். அவன் அவளைத் தனியாக மொட்டை மாடிக்குக் கூப்பிட்டுக் கண் கலங்குவதாக ஒருமுறை எழுதினாய். எனக்குப் பிடித்திருந்தது. நீ அழித்துவிட்டாய். 'எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சவன் தனியா வந்து மன்னிப்பு கேட்டா, அது மன்னிப்பு இல்ல. தப்பிக்கிறது.' அதையே ஒரு வாசகிக்குப் பதிலாகவும் போட்டாய். அதற்கு வந்த அளவு இதயங்கள் கதைக்குக்கூட வந்ததில்லை.

என்னையும் கேட்டாய். 'இத்தன வருஷமா எவ்ளோ அதிகாரிங்களப் பாத்திருக்க. ஒருத்தராவது கீழ வேலை பாக்கறவங்ககிட்ட எல்லார் முன்னாடியும் தப்பு என்னுதுன்னு சொல்லிக் கேட்டிருக்கியா? அந்த ஆள் கைய எங்க வெச்சிக்குவாரு, குரல் எப்படி இருக்கும், அத மட்டும் சொல்லு.' நினைவுக்கு எட்டியவரை தேடிப் பார்த்தேன். வருத்தம் தெரிவித்த அறிக்கைகள் உண்டு. ஒரு மனிதர் எழுந்து நின்று சொன்னதைப் பார்த்ததில்லை. 'இல்ல' என்றேன். 'அப்ப நான் எதப் பாத்து எழுதறது?' என்றாய்.

கடைசியாக நீ போட்ட அத்தியாயத்தில் அவன் அவள் மேசைக்கு வருகிறான். அலுவலகம் முழுக்க இருக்கிறது. எல்லாரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். அவன் வாயைத் திறக்கிறான். அங்கே நிறுத்திவிட்டாய்.

அந்த வாரம்தான் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். பார்க்க வந்தபோது உதடு காய்ந்திருந்தது. வாசகர்கள் கத்துகிறார்கள், சீக்கிரம் எழுந்து வந்து எழுது என்றேன். 'வந்து பாத்துக்கறேன். நிக்கட்டும். நான் நின்னேன் இல்ல?' என்றாய். நாம் பேசிய கடைசிப் பேச்சு அது. கதையைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று நினைத்திருந்தேன்.

உன் அலுவலகத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். நான் கடைசி வரிசையில் நின்றேன். உன் நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவைத்திருந்தார்கள். உன் கண்காணிப்பாளர் முன்னால் வந்து, 'கடமை உணர்வு மிக்கவர், இனிமையாகப் பழகுபவர்' என்றார். மௌனம் முடிந்தது. மின்விசிறிகளை மறுபடி போட்டார்கள்.

வெளியே வண்டிகள் நிறுத்துமிடத்தில் அவர் என்னைத் தேடி வந்தார். தனியாக. ஹெல்மெட்டை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

'நீங்க அவங்க ஃப்ரெண்டுதானேம்மா?'

'ஆமா சார்.'

'அந்த அழைப்பிதழ்... அத மாத்தினது நான்தான். அவங்கள நிக்க வெச்சிருக்கக் கூடாது. மனசுல இருந்துக்கினே இருக்குது.'

'இத இப்ப உள்ள சொல்லியிருக்கலாமே சார்?'

அவர் ஹெல்மெட்டைப் பார்த்தார். 'எல்லாரும் இருந்தாங்களே' என்றார்.

கை எங்கே இருக்கும், குரல் எப்படி இருக்கும் என்று கேட்டாயே. கை ஹெல்மெட்டில் இருந்தது. குரல், கம்மியாக, பக்கத்தில் யாராவது வருகிறார்களா என்று பார்த்துப் பார்த்து வந்தது. இந்தச் செய்தி உனக்கு வந்தது, வழியில் என்னிடம் தங்கிவிட்டது. அதனால் இங்கே ஒப்படைக்கிறேன். அவர் பெயரைப் போடவில்லை. அதை அவர்தான் தன் வாயால் சொல்ல வேண்டும்.

எத்தனையோ மரணச் செய்திகளை எழுதியிருக்கிறேன். உன் கதைக்குக் கீழே இரண்டு வாக்கியம் எழுதப் பல நாள் ஆனது. எழுதியவர் காலமானார், கதை இத்துடன் நிற்கிறது என்று போட்டேன். அழுதார்கள். அந்தச் சிவப்பு இதயக்காரி முதல்முறையாக இதயம் போடாமல், 'அக்கா' என்று மட்டும் எழுதினாள். அப்புறம் யாரோ ஒருத்தி அவனுக்காக ஒரு வரி எழுதினாள்: 'தப்பு என்னுது. எல்லாரும் கேளுங்க, தப்பு என்னுது.' அதன் கீழே இன்னொருத்தி: 'அன்னிக்கு மீட்டிங்ல உன் பேர சொல்லாம விட்டேன். இப்ப சொல்றேன்.' உன் கதையில் மீட்டிங்கே கிடையாது. இன்னொருத்தி எழுதியது: 'உன்ன எல்லார் முன்னாடியும் அழ வெச்சேன். இன்னிக்கு எல்லார் முன்னாடியும் நிக்கிறேன்.' அதற்கு மேலும் வந்தன. அவனுக்காக எழுதியவர்கள் எல்லாரும் பெண்கள். எல்லாரும் எங்கோ நின்றவர்கள். சொல்ல வேண்டியவர்கள் யாரும் எழுதவில்லை.

போன மாதம் அந்தக் காலை பஸ்ஸில் மறுபடி வந்தேன். நீ உட்காரும் இடத்தில் யாரோ காய்கறி மூட்டை வைத்திருந்தார்கள். ஷாகிரா வேறு கதை வாசித்துக்கொண்டிருந்தாள். கோமதி கேட்கவில்லை. 'அத முடிக்காம வேற கதை எனக்கு ஏறல' என்றாள், யாரிடமும் இல்லாமல். உன்னைப் பற்றிச் சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. அவளுக்குத் தெரிந்த நீ, மருமகளைப் போல ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்து கேலி பேசுகிறவள். அவளாகவே இருந்துவிட்டுப் போ என்று விட்டுவிட்டேன்.

நான் இப்போதும் அலுவலகம் அலுவலகமாகப் போகிறவள்தான். உள்ளே நுழைந்ததும் முன்பெல்லாம் அதிகாரி இருக்கிறாரா என்று பார்ப்பேன். இப்போது யாராவது மேசைப் பக்கத்தில் நிற்கிறார்களா என்று பார்க்கிறேன். நின்றால் சுற்றிக்கொண்டு போவதில்லை. நேராகப் போய், 'ஏம்மா நிக்கிறீங்க?' என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்கிறேன். சில சமயம் திரும்புகிற முகம் ஒரு கணம் உன்னுடையதாக இருக்கிறது.

இதை எழுதி முடிப்பதற்குள் கைப்பேசி மறுபடி அதிர்ந்துவிட்டது. புதிதாக யாரோ. கீழே நான் போட்ட இரண்டு வாக்கியத்தைப் படிக்கவில்லை. 'அவன் என்ன சொன்னான்?'

தனியாக வந்து என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும். உன் கதையில் அதைச் சேர்க்க மாட்டேன். அவன் வாயைத் திறந்தபடி உன் மேசையருகே நிற்கிறான், அலுவலகம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

நிற்கட்டும்.