மூடி வைத்த இணையதளம்

ஆடி 6, புதன் இரவு

தூக்கம் வரவில்லை. முன்பு ஒரு ஜவுளிக்கடைக்குக் கூலிக்கு நெய்த குமுதா அக்கா, இப்போது தான் நெய்யும் பட்டுப்புடவைகளை நேரடியாக விற்க ஓர் இணையதளம் வைத்திருக்கிறார். எப்படித் தேடினாலும் அது வருவதில்லை. இன்று அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். தளத்தில், தேடுபொறிகளுக்கு வழிகாட்டும் சின்னக் கோப்பில், எந்தப் பக்கத்தையும் பார்க்காதே என்று இருந்தது.

அவர் கணவர் மணி அண்ணன்தான் காரணம். தறியில் புது டிசைன் ஓடும்போது வெளியாள் வந்தால் துணி போட்டு மூடுவார்கள். அதே பழக்கத்தில், தளம் செய்தவரிடமும் மூடச் சொல்லியிருக்கிறார்.

"தொறந்து வுட்டா கடைக்காரன் டிசைன சுட்டுக்கினு போயிடுவான்மா."

"அண்ணா, அது பூட்டு கெடையாது. உள்ள வராதீங்கன்னு எழுதி வெச்ச போர்டு. திருடுறவன் அதையெல்லாம் படிப்பானா? வாங்குறவங்களுக்குத்தான் வழி தெரியல."

"அப்ப அந்த ஃபைலு இன்னாத்துக்கு?"

"இவ்ளோ சின்ன தளத்துக்கு அது இல்லன்னாலும் ஒண்ணும் ஆவாது."

அக்கா குறுக்கிட்டார். "ஆவணி முகூர்த்தத்துக்கு விக்கலன்னா திரும்ப அந்தக் கடைக்காரன்கிட்டயே கூலிக்கு நெய்யணும். நீ எடுத்துடுமா."

அந்தக் கோப்பை எடுத்துவிட்டேன். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் பயம் பொய்யில்லை. கடைக்காரர் நகலெடுத்தால் இந்த ஊரில் கேட்க ஆளில்லை. நெய்தவர் ஒளித்து வைக்கிறார், நகலெடுத்தவர் கண்ணாடிப் பெட்டியில் விளக்குப் போட்டு விற்கிறார்.

தேடுபொறி எப்போது திரும்ப வந்து பார்க்கும் என்று சொல்ல முடியாது. இப்போது மறுபடியும் தேடினேன். முதலில் வருவது அந்தக் கடைதான்.