கொக்கின் நெஞ்சுப் பஞ்சு

மதினி,

இன்று காலை வருகைப் பதிவேட்டுக்கு அட்டை ஒட்டுவதற்காக, பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் அம்மாள் விளாம்பிசினை வெந்நீரில் ஊறவைத்து என் மேசைமேல் கொண்டுவந்து வைத்தாள். மூடியிருந்த தட்டை நீக்கியதும் வாடை எழுந்தது. லேசான புளிப்பும் பழைய மரத்தின் மணமும் கலந்த அந்த வாடையை நான் முகர்ந்து நான்கு வருடம் ஆகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழாம் வாய்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். எந்த இடத்தில் நிறுத்தினார்களோ தெரியாது. ஒரு பிள்ளை எழுந்து "டீச்சர்" என்று கூப்பிட்ட பிறகுதான் வகுப்பே அமைதியாக என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. இருந்த காலத்திலும் உங்கள் அம்மா வீட்டுக் கடிதங்களை நான்தான் படித்துக் காட்டுவேன். அதனால் இதையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதுகிறேன்.

முதலில் உங்களுக்கு என்னைப் பிடிக்காது. கல்யாணம் கட்டாமல், அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு மிஷன் பள்ளிக்குப் போய்வரும் நாத்தனாரை யாருக்குத்தான் பிடிக்கும்? தேவதானப்பட்டியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மூன்றாம் மாதமே, என் காதில் விழும்படியாக அண்ணனிடம் கேட்டீர்கள்: "டீச்சரம்மாவுக்கு அடுப்படி எந்தப் பக்கம்னு தெரியுமா?" நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமலே ஒருவரை நோகடிக்க எனக்குத் தெரியும். இப்படியே ஆறு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். நீங்கள் ரெண்டு ஆள் வேலையை ஒரு ஆளாகச் செய்வீர்கள். வேகமாகப் பேசுவீர்கள், வேகமாக நடப்பீர்கள். அந்த வேகம்கூட என்னைக் குத்திக்காட்டுவதற்காகத்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு அந்தத் தை மாதம் வந்தது. கிணற்றுத் தோட்டத்தில் கரும்பு ஆட்டினோம். அண்ணன் மாட்டைப் பத்திக்கொண்டு கரும்பாலையைச் சுற்றி வந்தார். நீங்கள் ஆலைக்குக் கரும்பு கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். வளைந்த கரும்பு ஒன்றை உருளைக்குள் தள்ளும்போது அது உங்கள் வலது கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. நீங்கள் கத்திய உடனே அண்ணன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்தார். மாடு நிற்பதற்குள் இன்னும் ரெண்டு எட்டு வைத்துவிட்டது. அந்த ரெண்டு எட்டை அவர் இன்றைக்கும் சுமந்துகொண்டுதான் இருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மேலே கையை எடுத்துவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து வண்டியில் வந்து இறங்கினீர்கள். இறங்கி நேரே கொல்லைக்குப் போய், அத்திமரத்தடியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தீர்கள். அன்றிலிருந்து பேச்சு இல்லை. அண்ணன் உங்கள் முகத்தைப் பார்க்காமல் வருவார், போவார். அடுப்படி என் கைக்கு வந்தது. உங்கள் தலைமுடியும் என் கைக்கு வந்தது. இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி. பள்ளிக்குப் போகும் முன்பு தினமும் சிக்கெடுத்து வாரிக் கொண்டை போட்டுவிடுவேன். நீங்கள் கல் மாதிரி இருப்பீர்கள். இப்போது சொல்லிவிடுகிறேன் மதினி, முதல் சில நாட்கள் உள்ளுக்குள் எனக்கு ஒரு சின்னத் திருப்தி இருந்தது. அதற்காகக் கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். உங்களிடம்தான் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

பங்குனியில் ஒருநாள் காலை. சீப்பைப் பாதி முடியில் இறக்கியிருந்தேன். நீங்கள் இடது கையைத் தூக்கி, பொறு என்பதுபோலக் காட்டினீர்கள். அத்திமரத்தின் தாழ்ந்த கிளையில் ஒரு தையல்சிட்டு. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். ஒரு பெரிய இலையின் ஓரத்தை அலகால் குத்தித் துளைபோட்டது. எங்கிருந்தோ கொண்டுவந்த சிலந்தி நூலை அதில் நுழைத்தது. இலைக்கு அந்தப் பக்கம் தொங்கிப் போய் நூலை இழுத்தது. மறுபடி இந்தப் பக்கம் வந்து எதிர் ஓரத்தில் துளை போட்டது. இலை மெல்ல மெல்லச் சுருண்டு பை மாதிரி ஆனது. பள்ளியின் முதல் மணி அடித்தது எனக்குக் கேட்டது. நான் நகரவில்லை.

"அதுக்குக் கையே இல்லத்தா" என்றீர்கள்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு உங்கள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது.

அன்று சாயங்காலம் ஒரு சாக்கைப் பிரித்து விரித்துத் தரச் சொன்னீர்கள். பிசின் ஊறப்போடச் சொன்னீர்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை, கேட்டால் நின்றுவிடுமோ என்ற பயம். முழங்காலால் சாக்கின் ஒரு முனையையும், மிஞ்சியிருந்த வலது முன்கையால் இன்னொரு முனையையும் அமுக்கிக்கொண்டு, ஊசியைப் பல்லில் கடித்துக் கோத்தீர்கள். அந்தச் சாக்கின்மேல் முதலில் செய்தது ஒரு தவிட்டுக்குருவி. சாக்கின் நாரையே உதிர்த்துப் பிசைந்து உடம்பு. காய்ந்த வெங்காயத் தோலில் அலகு. அடுத்த வாரம் அதற்குப் பக்கத்தில் இன்னும் ஐந்து. கூட்டமாகத் தரையைக் கிளறிக்கொண்டு, ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருக்கிற மாதிரி. அதில் ஒன்றின் கழுத்துச் சாய்வைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியாரேதான்.

கரிச்சானின் ரெட்டை வாலுக்கு என்ன செய்தீர்கள் என்பது எனக்கு மட்டும் தெரியும். நான் வாரும்போது சீப்பில் வந்த உங்கள் முடி. தினமும் எறியப்போவதை வாங்கி இலைக்குள் சுருட்டி வைத்திருந்தீர்கள். தேன்சிட்டின் பளபளப்புக்குப் பொன்வண்டின் உதிர்ந்த சிறகு. வாய்க்கால் தண்ணீருக்கு வேலியில் கிடைத்த பாம்புச் சட்டை. அதைக் கையில் எடுத்துத் தர எனக்கு ரெண்டு நாள் தைரியம் வரவில்லை. கிணற்றுச் சுவருக்குச் செம்மண்ணும் சாணியும். வாழை மட்டைக்கு வாழை நாரேதான். நாம் தினம் மிதித்து நடந்ததெல்லாம் உங்கள் இடது கைக்குள் போய் வேறொன்றாக வெளியே வந்தது.

அண்ணன் இதையெல்லாம் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே வரவில்லை. ஒரு தடவை மாடு பிடிக்கப் போய்த் திரும்பியவர், துண்டில் சுற்றி எதையோ கொல்லைக் கதவோரம் வைத்துவிட்டு உள்ளே போனார். பிரித்தேன். மூன்று மயில் தோகை.

நீங்கள் உள்பக்கம் பார்த்துக் கேட்டீர்கள், "இத எங்கன எடுத்தீக?"

உள்ளேயிருந்து அண்ணன் சொன்னார், "மயிலாடும்பாறைப் பக்கம்."

"மயிலு நம்ம கொல்லைக்கு வந்ததில்லையே. வராதத வச்சு நான் என்ன செய்ய?"

அந்தத் தை மாதத்துக்குப் பிறகு நீங்கள் இருவரும் பேசிக்கொண்டது அதுதான் முதல். மறுநாள் மத்தியானம் நான் பள்ளியிலிருந்து வந்தபோது, அண்ணன் வேலிக்கடியில் முழங்கால் போட்டுக்கொண்டு புழுதியைத் துழாவிக்கொண்டிருந்தார். தவிட்டுக்குருவி உதிர்த்த இறகுகள் ஏழெட்டு அவர் உள்ளங்கையில் இருந்தன. நேரே வந்து உங்கள் மடியில் கொட்டினார். உங்கள் வலது கையை, இல்லாத அந்தக் கையை, அன்றுதான் அவர் நேராகப் பார்த்தார்.

அடுத்த மாசியில் படம் முடிந்தது. ஒரு போர்வை அகலம். நம் கொல்லை முழுவதும் அதில் இருந்தது. கிணறு, அத்தி, வாய்க்கால், எல்லாவற்றுக்கும் மேலே வெறும் சாக்காகவே விட்ட வானம். வாய்க்கால் ஓரத்தில் ஒற்றைக் கொக்கு. அதன் நெஞ்சுக்கு மட்டும் இலவம்பஞ்சை மெல்லிசாக, அடுக்கடுக்காக வைத்திருந்தீர்கள். நான் வாய் திறந்து மூச்சு விட்டால் அது அசையும். கடைசியாக எல்லாப் பறவைக்கும் கண் வைத்தீர்கள். ஈர வைக்கோல் நுனியில் ஒரு கீரை விதையை ஒட்டி எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தீர்கள். கறுப்பாக, மினுமினுவென்று. வைத்த நொடியில் கொக்கு என்னைப் பார்த்தது. பொய் சொல்லவில்லை மதினி, நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

அந்தப் பங்குனியில், சாமியார்களுக்கெல்லாம் பெரியவரான மேற்றிராணியார் எங்கள் பள்ளிக்கு வருவதாக இருந்தது. நான் பள்ளியை நடத்தும் மதரிடம் போய் உங்கள் படத்தைப் பற்றிச் சொன்னேன். மேற்றிராணியார் உட்காரும் நாற்காலிக்குப் பின்னால் மாட்டலாம் என்று மதர் சம்மதித்தார். வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். "ஒனக்கு வேணும்னா எடுத்துட்டுப் போ" என்றீர்கள். எனக்கு வேண்டும்தான். எங்கள் வீட்டில் இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று எல்லோரும் பார்க்கவேண்டும். அதைக் கொண்டுவந்தவள் நான் என்றும் பார்க்கவேண்டும்.

நாலு நாள் இருக்கும்போது, பிசின் நன்றாக இறுகட்டும் என்று படத்தைக் கொல்லைக் கொடியில் வெயிலில் போட்டோம். சற்று நேரத்தில் தையல்சிட்டு வந்தது. படத்தின் மேல் விளிம்பில் உட்கார்ந்து வாலை ஆட்டியது. பிறகு கொக்கின் நெஞ்சில் தொற்றிக்கொண்டு, ஒரு வாய்ப் பஞ்சைப் பிய்த்தது.

நான் துண்டை வீசிக்கொண்டு ஓடினேன்.

"ஏத்தா, வெரட்டாத" என்றீர்கள்.

"மதினி, படம் போயிரும்."

"போகட்டும். அதுக்கு வேணும்ங்குது."

என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். மதருக்கு வாக்குக் கொடுத்ததைச் சொன்னேன். ஒரு வருட உழைப்பு என்றேன். உள்ளே எடுத்து வைத்துவிட்டு வேறு பஞ்சை வெளியே போடலாம் என்றும் சொன்னேன். நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை. சிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு அது புரியவில்லை, கோபம்தான் வந்தது. மூன்று நாளில் கொக்கு இருந்த இடத்தில் சாக்கு தெரிந்தது. கொண்டைக்குருவிகள் வந்து வாழை நாரை உருவின. ஒரு பறவையின் வாலடியில் நீங்கள் தைத்த சிவப்பு நூலும் போயிற்று.

மதர் வந்து பார்த்தார். ஓட்டை விழுந்த சாக்கை மாட்ட முடியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். விழாவில் பிள்ளைகளைப் பாடவைக்கும் பொறுப்பையும் வேறொரு டீச்சரிடம் கொடுத்தார். சொன்னதைச் செய்யாதவள் என்ற பெயர் எனக்கு வந்தது. அன்றிலிருந்து உங்களோடு பேசவில்லை. தலையும் வாரிவிடவில்லை. ஆறு நாள். நீங்கள் ஒரு கையால் முடியை அள்ளி முடியப் பார்ப்பீர்கள், அது சரிந்து விழும். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். இத்தனை வருடமாக என்னைத் தின்பது அந்த ஆறு நாள்தான்.

அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து நாள் இருக்கும். தலையை வாரத் தொடங்கியிருந்தேன், பேச்சு மட்டும் இல்லை. ஒரு காலையில் கொல்லையிலிருந்து கூப்பிட்டீர்கள். "இங்கன வா. சத்தம் போடாம வா."

அத்திமரத்தின் ஒரு கிளையை இடது கையால் மெல்லத் தாழ்த்தினீர்கள். இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்த பை. அதன் ஓரத்தில், ஒன்றுவிட்டு ஒன்றாக, உங்கள் சிவப்பு நூல். குனிந்து உள்ளே பார்த்தேன். வெள்ளைப் பஞ்சு. அந்தக் கொக்கின் நெஞ்சு அப்படியே. அதன் நடுவே, தோலுக்குள் ரத்தம் ஓடுவது தெரிகிற மாதிரி மூன்று குஞ்சுகள். கண் திறக்கவில்லை. நம் மூச்சுக் காற்று பட்டதும் மூன்றும் வாயைத் திறந்தன. உள்ளே மஞ்சள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து எத்தனையோ தடவை முழந்தாளிட்டிருக்கிறேன். யாரையும் பார்க்காமல் என் முழங்கால்கள் தாமாக மடங்கியது அன்று ஒருநாள்தான். ஒரு வருடம் நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த பறவை, இப்போது உயிருள்ள பறவைகளுக்குப் படுக்கையாக இருந்தது. சாவுக்குப் பக்கத்தில் போய்வந்த ஒருத்தி ஒரே கையால் தைத்ததை, கையே இல்லாத ஒன்று பிரித்து எடுத்துத் தைத்திருந்தது. அதற்கு என்ன பெயர் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

தாய்ச்சிட்டு பக்கத்துக் கிளையில் கத்திக்கொண்டிருந்தது. "அது பயப்படுது, வா" என்று கிளையை விட்டீர்கள். பிறகு என் தலையில் உங்கள் இடது கையை வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தீர்கள். அன்று நான் பள்ளிக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம். வருடம் ஒரு படம். ஒவ்வொரு பங்குனியிலும் அதைக் கொடியில் போடுவோம். சில வருடம் ஒன்றிரண்டு நூல்தான் போகும். சில வருடம் ஆடிக்குள் வெறும் சாக்குதான் மிஞ்சும். அண்ணன் அந்தத் தோட்டத்தில் பிறகு கரும்பு வைக்கவேயில்லை, வாழைதான். ஊருக்குள் சிலர் உங்களைக் கிறுக்கி என்றார்கள். சிலர் பங்குனியில் கொல்லைக்கு வந்து, பேசாமல் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு தடவை மதரும் வந்தார். வெகுநேரம் நின்றார். போகும்போது உங்களுக்குக் கும்பிடு போட்டார், நீங்கள் பதறிவிட்டீர்கள்.

யுத்த காலத்தில் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கக் குளிர்காய்ச்சல் பரவியபோது உங்களையும் அது பிடித்தது. கொயினா மாத்திரை எங்கே தேடியும் கிடைக்கவில்லை. அண்ணன் கம்பத்துக்கும் தேனிக்கும் அலைந்தார். எட்டாம் நாள் காலையில் போய்விட்டீர்கள். உங்கள் படங்களில் ஒன்றாவது முழுசாக இருக்கிறதா என்று இப்போதும் யாராவது கேட்பார்கள். இல்லை என்று சொல்லும்போது அவர்கள் வருத்தப்படுகிறார்கள். எனக்கு வருத்தம் இல்லை மதினி.

நானும் ஒரு தடவை செய்து பார்த்தேன். ரெண்டு கையும் இருந்தும் வந்தது குருவி இல்லை, குப்பை. உங்கள் திறமை எனக்கு வராது. ஆனால் பார்க்கிற பழக்கம் ஒன்றை விட்டுப்போயிருக்கிறீர்கள். மாலை ஜெபத்தில், ஆண்டவர் படைத்த எல்லாவற்றுக்காகவும் அவருக்கு நன்றி சொல்லும் இடம் வரும். கோயிலில் எல்லோரும் அப்போது கண்ணை மூடிக்கொள்கிறார்கள். நான் மட்டும் திறந்தே வைத்திருக்கிறேன்.