ஹூமாக்காரனுக்கு ஒரு ஜோடி தாங்குகட்டை

கலியானோ,
திங்கக்கிழமை காலைல, பூசை முடிஞ்சு வந்து

அன்புள்ள மருமகன் ஜார்விஸுக்கு உன் அத்தை யூலா எழுதுறது. மாதா உன்னையும் உன் பொண்டாட்டியையும் அந்த டென்வர் குளிர்ல பத்திரமா வச்சிருக்கட்டும். ஆசீர்வாதம் அவ்வளவுதான். இனிமே எல்லாம் திட்டுதான், உக்காந்து படி.

போன்லயே திட்டியிருப்பேன். நான் தொண்டையக் கனைக்கிறதுக்குள்ள "மீட்டிங் இருக்கு அத்தை"ன்னு வச்சிடுற. காகிதத்துகிட்ட அப்படிச் சொல்ல முடியாது பாரு.

இங்க எல்லாரும் சொகம். எனக்கு முட்டி வலி. நண்டு இந்த வருஷம் நல்ல சதை. படகுகளை மந்திரிக்கிற திருநாளுக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு, கோயில்ல காகிதப்பூ கட்டிக்கிட்டிருக்கோம். உங்கப்பா படகு அன்னைக்குத் தண்ணில இருக்காது. வர்ற சனிக்கிழமையே ஹூமாவுல இருந்து நீ பேசி முடிச்ச ஆளு வந்து, டிரெய்லரோட வண்டியில மாட்டி இழுத்துட்டுப் போயிடுவான்.

படகு உன் பேர்ல இருக்கு, ஒத்துக்கிறேன். புயல்ல பழசு போனப்ப நீதான் வாங்கிக் குடுத்த, அதையும் ஒத்துக்கிறேன். கோயில் வாசல்ல நின்னு ஊருக்கே பீத்திக்கிட்டவ நான். போன மார்ச் மாசம் எங்கண்ணன் படகு சதுப்புல முழுகி, ஆளு நெஞ்சு மட்டும் சேத்துல ஒரு மணி நேரம் நின்னு, அந்தப் பக்கம் சிப்பி அள்ளப் போன டட்லி தன்னோட படகுல தூக்கிட்டு வந்தப்ப நீ என்கிட்ட என்ன சொன்ன? "அத்தை, அப்பாவுக்குக் கண்ணு போச்சு. கண்ணுக்கு நேரா இருந்த மரக்கட்டையில கொண்டு மோதியிருக்காரு. இன்னொரு தடவை போனா பொணமாத்தான் வருவாரு. வித்துடலாம்"ன்ன. நானும் சரின்னேன். அதோட விட்டேனா? செபமாலைக் கூட்டத்துல எங்கண்ணன் கண்ணுக்காக வேண்டிக்கச் சொன்னேன். ஏழு பொம்பளைங்க ஒன்பது நாள் முழங்கால் போட்டாளுங்க.

அந்தக் கண்ணுக்கு ஒரு கேடும் இல்லடா. ஊசில நூல் கோக்கச் சொன்னா எனக்கு முன்னாடி கோப்பாரு.

போன சனிக்கிழமை கம்போக் குழம்பு வச்சு உங்கப்பாவுக்கு எடுத்துட்டுப் போனேன். கொட்டகையில, சதுப்புல இருந்து மீட்டு வந்த படகு ஜாக்கியும் மரக்கட்டையும் முட்டுக்குடுத்து அந்தரத்துல நிக்குது. அதுக்குக் கீழ டிரெய்லர். அதுல படகு உக்கார்ற ரெண்டு தாங்குகட்டையையும் கழட்டி மூலையில போட்டிருக்காரு. இவரு ரெண்டு நீளச் சைப்ரஸ் பலகையப் போட்டு இழைச்சுக்கிட்டிருக்காரு. "போகப்போற படகுக்கு எதுக்கு அண்ணே புதுக் கட்டை?"ன்னு கேட்டேன். "பழசு உளுத்துப் போச்சு"ன்னாரு. மூலையில கெடந்ததை ஒரு உதை விட்டேன். இரும்பு மாதிரி இருக்கு. "உளுத்த கட்டை என் கால்விரலை ஒடைச்சிடுச்சே"ன்னேன். "உன்னை யாரு உதைக்கச் சொன்னா? வந்ததுதான் வந்த, இந்த முனையைப் பிடி"ன்னாரு.

பிடிச்சேன். பலகை முனையெல்லாம் உருட்டிவிட்டாரு, படகு ஏறும்போது குத்தக் கூடாதாம். போல்ட்டுத் தலை மரத்துக்குள்ள முழுகுற மாதிரி குழி தோண்டினாரு. அப்புறம் கார்ப்பெட்டை இழுத்துச் சுத்தி அடிப்பக்கமா பின் அடிக்கணும். நான் இழுக்க அவரு அடிச்சாரு. என் கை தோலெல்லாம் போச்சு. அவரு அந்தண்டை திரும்பின நேரம் பாத்து, என் கழுத்துல இருந்த மாதா பதக்கத்தைக் கழட்டி கார்ப்பெட்டுக்கு அடியில சொருகினேன். யாரு படகா இருந்தா என்ன, காவல் வேணும்ல? பாத்துட்டாரு. "எடுடீ அதை! பித்தளையில செம்பு இருக்கு. அலுமினியத்துல பட்டா உன் மாதாவே ஓட்டை போட்டுடுவா"ன்னு கத்துறாரு. காதுல கேட்ட பாவத்துக்கு மூணு அருள்நிறைந்த மரியே சொல்லிட்டு, பதக்கத்தை எடுத்துட்டு குருத்தோலைத் துண்டு ஒண்ணை வச்சேன். அதுக்கு மேலேயே கார்ப்பெட்டை மூடிப் பின்னை அடிச்சாரு.

அப்புறம் கட்டைங்களை டிரெய்லர்ல மாட்டி, போல்ட்டை முழுசா இறுக்காம லூசா விட்டாரு. படகை மெதுவா எறக்கினா, அதோட கனத்துல கட்டை தானா திரும்பி அடிப்பக்கத்துக்கு ஒட்டி உக்காருமாம். "கீழ போயி எங்கயாவது இடுக்கு தெரியுதான்னு பாரு யூலா, என் இடுப்பு வளையாது"ன்னாரு. என் இடுப்பு மட்டும் வளையுதா? படகை எறக்குறதுக்கு முன்னாடியே டார்ச்சை எடுத்துட்டுப் போயி மல்லாக்கப் படுத்தேன்.

அங்கதான் பாத்தேன்டா. பழைய கட்டை ஒக்காந்திருந்த ரெண்டு தடத்துலயும் அலுமினியம் முழுக்க வெள்ளைப் பொடி பூத்து, அரிசி அரிசியா குழி. ஒரு தடத்துல ஒரு சாண் நீளத்துக்குப் பொளந்து, அது மேல புதுசாத் தகடு வச்சு வெல்டிங் பண்ணியிருக்கு. வேற எங்கயும் ஒரு நசுங்கல் இல்ல, மூக்குல ஒரு கீறல்கூட இல்ல. மரக்கட்டையில மோதின படகு நசுங்காம இருக்குமா? நான் பள்ளிக்கூடம் அஞ்சாவதோட சரி, இது தெரியாதா எனக்கு?

வெளிய வந்து ஒரு வாளியக் கவுத்துப் போட்டு உக்காந்துட்டேன். "உண்மையச் சொல்லு. சொல்லலன்னா நாளைக்குப் பூசைக்கும் போகாம இங்கயே உக்காந்திருப்பேன்"ன்னேன். நான் பூசைக்குப் போகாத ஞாயித்துக்கிழமை கெடையாதுன்னு அவருக்குத் தெரியும். சொன்னாரு.

மூணு வருஷத்துக்கு முன்னாடி நீ வந்தப்ப அந்தக் கட்டை ரெண்டையும் மாத்தினது நீதான், ஞாபகம் இருக்கா? உங்கப்பா சைப்ரஸ் எடுத்து வச்சிருந்தாரு. நீ கடைக்குப் போயி, பூச்சி அரிக்காம இருக்க மருந்து ஏத்தின பச்சைப் பலகையத் தூக்கிட்டு வந்த. "அந்த மருந்துல செம்பு இருக்குடா, உப்புத்தண்ணியும் சேந்துச்சுன்னா அலுமினியத்தைத் தின்னுடும்"னு அவரு சொன்னாரு. நான் அடுப்படியில மீன் பொரிச்சுக்கிட்டு இருந்தேன், இந்தக் காதாலயே கேட்டேன். நீ என்ன சொன்ன? "அப்பா, கடைக்காரன் வாழ்நாள் கேரண்டி தர்றான். நீங்க இன்னும் தாத்தா காலத்துலயே இருங்க"ன்னு சிரிச்ச. அவரும் சிரிச்சுட்டு விட்டுட்டாரு.

"ஏன் விட்ட? வாய்க்குப் பூட்டா போட்டிருந்துச்சு?"ன்னு கேட்டேன். "பதினோரு வருஷத்துல அன்னைக்குத்தான் யூலா அவன் என் பக்கத்துல நின்னு சுத்தியல் பிடிச்சான். மறுநாள் கெளம்பிடுவான். சண்டை போட்டு அனுப்ப மனசு வரல. அவன் போனதும் கழட்டிடலாம்னு இருந்தேன்"ன்னாரு. "அப்புறம் ஏன் கழட்டல?"ன்னேன். கார்ப்பெட்டைத் தடவிக்கிட்டு இருந்தாரு.

நீ போன்ல "கண்ணு தெரியலையாப்பா?"ன்னு கேட்டதும் ஆமான்னுட்டாராம். "உண்மையச் சொன்னா வெக்கத்துல இந்தப் பக்கமே வராம இருந்துடுவான். கண்ணு போன அப்பனைப் பாக்கவாவது வருவான்ல"ன்னு என்கிட்டயே சொல்றாரு, பைத்தியக்கார மனுசன்! இப்ப புதுக் கட்டை யாருக்குன்னு நெனச்ச? ஹூமாக்காரனுக்கு. அவனுக்கு ரெண்டு பொட்டைப் புள்ளைங்களாம். "அந்தக் கட்டையோட குடுத்தா இன்னொரு எடத்துல பொளக்கும். புள்ளைங்களோட முழுகினா என்ன பண்றது? வித்தது என் பையன்னுதானே பேரு வரும்"ங்கிறாரு.

நான் கத்தின கத்துல பக்கத்து வீட்டு நாய் வாலைச் சுருட்டிக்கிட்டுப் போயிடுச்சு. அவரு நிதானமா படகைக் கட்டை மேல எறக்கிட்டு "கத்தினது போதும், இப்ப போல்ட்டை இறுக்கு"ன்னாரு. இறுக்கினேன். ஒவ்வொரு சுத்துக்கும் உன் பேரைச் சொல்லித் திட்டிக்கிட்டே இறுக்கினேன்.

அப்புறம் செபமாலையக் கையில குடுத்து, ஜார்விஸ்கிட்ட வாயைத் தெறக்க மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டாரு. நான் இப்ப வாயைத் தெறக்கல. எழுதுறது அந்தச் சத்தியத்துல சேருமான்னு நம்ம சாமியாரைக் கேட்டேன். அவரு இருமினாரு. சரின்னு எடுத்துக்கிட்டேன்.

எனக்கு எது ஆறலன்னா, மரத்தைத் தப்பா வாங்கினதுகூட இல்லடா. தப்பு யாருதான் செய்யல. முழுகின படகு எப்படி முழுகிச்சுன்னு நீ ஒரு வார்த்தை கேக்கல. அப்பனுக்குக் கண்ணு போச்சுன்னா கண் டாக்டரைக் கேக்கல, படகு வாங்க ஆளு தேடின. விக்கிறதுக்குப் படம் எடுத்து அனுப்பச் சொன்னப்ப "மேல் பக்கம் மட்டும் எடுங்க அத்தை, பளபளன்னு இருக்கணும்"ன்ன. நானும் துணி போட்டுத் தொடைச்சு எடுத்து அனுப்பினேன். அந்தப் பாவத்துக்குப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். நீ எப்ப பண்ணப்போற?

சனிக்கிழமையே வேலை முடிஞ்சுது. ஆனாலும் இன்னைக்குக் காலையில பூசைக்குப் போற வழியில பாத்தேன், தொப்பி போட்டுக்கிட்டு டிரெய்லர் மேல நிக்கிற படகுல ஏறி உக்காந்திருக்காரு. காப்பி ஆறிக்கிடக்கு.

இந்தக் கடிதாசியை வேகத் தபால்ல போடுறேன், புதன்கிழமை கெடைச்சிடும். அந்த ஹூமாக்காரனுக்குப் போன் பண்ணி படகு விக்கிறதுக்கில்லன்னு சொல்லு. என்ன காரணம் வேணா சொல்லிக்க. அப்புறம் உங்கப்பாவைக் கூப்பிடு. அவரு மழை, காத்தைப் பத்திப் பேசுவாரு, நண்டைப் பத்திப் பேசுவாரு. பேச விடு, மீட்டிங்குன்னு மட்டும் சொல்லிடாத. உனக்குத் தெரியும்னு சொல்றதா வேணாமான்னு நீயே முடிவு பண்ணு. ஆனா அதைப் போன்ல சொல்லாத. வந்து சொல்லு. உண்மை தெரிஞ்சா நீ வரமாட்டன்னு அந்த மனுசன் நெனச்சது தப்புன்னு ஆயிடணும், எனக்கு அது போதும்.

எல்லாப் புனிதரும் உன்னைக் காப்பாத்தட்டும். மாதா உனக்கு நிம்மதியான தூக்கத்தைக் குடுக்கட்டும். இந்தக் கடிதாசி கெடைக்கிற ராத்திரி மட்டும் குடுக்க வேணாம்னு அவகிட்ட நானே கேட்டுக்கிட்டேன்.

கோவம் ஆறாத உன் அத்தை,
யூலா