அண்ணன் காரின் பின்சீட்

மே 8, 1966. ஞாயிறு.

சுயம்பு அண்ணன் கார் வாங்கிவிட்டார். தாதரில் ஒரு பார்ஸிக்காரர் ஓட்டிய பழைய ஃபியட். வெளியே கறுப்பு, உள்ளே சீட்டெல்லாம் பால் நிறம். தாராவி மெயின் ரோட்டில் அவருடைய மளிகைக் கடை வாசலில் நிறுத்தித் தேங்காய் உடைத்தார்கள்.

என் பெண்டாட்டி கனகவல்லிக்கு ஏழாம் மாதம். எல்லார் முன்னாலும் அவளைக் கூப்பிட்டு அண்ணன் சொன்னார்: "பிரசவத்துக்கு நம்ம வண்டியிலதான் ஆஸ்பத்திரிக்குப் போகணும், பாத்துக்கோ."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போன வருடம் ஒன்று ஆறாம் மாதத்திலேயே போய்விட்டது. அன்று டாக்ஸி கிடைக்காமல் கைவண்டியில் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். வழியெல்லாம் ஜனம் எட்டிப் பார்த்தது. இந்தத் தடவை அந்தக் கதி இல்லை.

மே 19

அண்ணன் பட்டறைக்கே வந்தார். நான் பை தைக்கிற ரெக்ஸினைத் தடவிப் பார்த்துவிட்டு, பின்சீட்டுக்கு ஓர் உறை தைத்துத் தரச் சொன்னார். பிரசவ நேரத்தில் என்ன ஆகும் என்று சொல்ல முடியாதாம். பால் நிறத்தில் கறை விழுந்தால் போகாதாம். நியாயம்தான். நாலு வருடம் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. ஒத்துக்கொண்டேன்.

மே 29

உறை மாட்டியாயிற்று. மூலைகள் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டன. உட்கார்ந்து பார்க்கட்டும் என்று கனகவல்லியை அழைத்துப் போனேன். வெயிலில் நின்ற வண்டி. புது ரெக்ஸின் நாற்றமும் பசை நாற்றமும் சேர்ந்து எனக்கே குமட்டியது. அவளுக்குச் சேலை வியர்வையில் நனைந்து சீட்டோடு ஒட்டிக்கொண்டது. சட்டென்று கதவைத் திறந்து, தலையை வெளியே நீட்டி வாந்தி எடுத்தாள். உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. கதவில் கொஞ்சம் தெறித்தது.

மதினி செம்போடு ஓடி வந்தாள். கனகவல்லி வாய் கொப்பளிக்கக் கையை நீட்டினாள். மதினி கதவைக் கழுவினாள். மிச்சம் இருந்த தண்ணீரைத்தான் இவளிடம் கொடுத்தாள்.



ஜூன் 12

உறை போதாதாம். காலடிக்கு ஒன்று, கதவின் உள்பக்கத்துக்கு ஒன்று, முன்சீட்டின் முதுகுக்கு ஒன்று. அதற்கெல்லாம் மேலே விரிக்க ஆஸ்பத்திரி ரப்பர் ஷீட். எல்லாம் தைத்துக் கொண்டுபோய் மாட்டிக்கொண்டிருந்தேன். மதினி கடைப்படியில் நின்று பார்த்தாள். காரியம் முடிந்ததும் இதையெல்லாம் கழற்றி எரித்துவிட வேண்டும் என்றாள். கறை படாவிட்டாலுமா என்று கேட்டேன்.

"கறையக் கழுவிரலாம். தீட்டு? கோமியம் தெளிச்சு, அதுக்கப்புறந்தான் வண்டி கோயிலுக்குப் போகணும்."

அண்ணன் சிரித்தார். தப்பு என்று சொல்லவில்லை.

கறை இல்லையா அப்போ? இவ்வளவு நாளும் நான் தைத்தது கறைக்கு இல்லையா? இவள் வயிற்றில் இருப்பது அண்ணனுக்கும் ரத்தம்தானே? கடையில் ஒழுகுகிற எண்ணெய் டின்னுக்குக் கீழே சாக்கு விரிப்பார்கள். அப்படி என் பெண்டாட்டிக்கு விரிக்கிறார்கள். தூ.

ஜூன் 13

அருவருப்பு அவர்கள்மேல் மட்டும் இல்லை. தைத்தது என் கை.

ஜூலை 3

மழை. சந்தில் சாக்கடையும் மழைத்தண்ணீரும் ஒன்றாகிவிட்டன. பக்கத்துத் தோல் கிடங்குகளில் தோல் ஊறிய நாற்றம் சுவரில் ஏறி நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பிச்சம்மாள் அக்கா வயிற்றைப் பார்த்துவிட்டு இன்னும் பத்துப் பதினைந்து நாள்தான் என்றாள். டாக்ஸியில் போய்க்கொள்ளலாமே என்றாள் கனகவல்லி. அண்ணன் வருத்தப்படுவார் என்றேன்.

வருத்தப்படுவாரா? எனக்குத்தான் பயம். மழையில் டாக்ஸி வராது. கைவண்டி ஞாபகம் வருகிறது.

ஜூலை 14

காலையில் வலி கண்டது. நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அண்ணன் உடனே கிளம்பினார், அதில் குறை சொல்ல மாட்டேன். வண்டி சந்துக்குள் வராது, முனையில் நிறுத்தினார். பிச்சம்மாள் அக்காவும் நானும் கனகவல்லியை இரண்டு பக்கமும் தாங்கி, முழங்கால் தண்ணீரில் நடத்திக் கூட்டிக்கொண்டு போனோம்.

போய்ப் பார்த்தால் அண்ணன் பின்சீட்டில் மண்டியிட்டு ரப்பர் ஷீட்டின் ஓரத்தைச் செருகிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் செருகினால் மறுபக்கம் சுருண்டு வந்தது. இதோ, இதோ என்றார். நாங்கள் மழையில் நின்றோம். கனகவல்லி கதவைப் பிடித்துக் குனிந்தாள். அப்போதுதான் பனிக்குடம் உடைந்தது. காலோடு வழிந்து சாக்கடைத் தண்ணீரில் கலந்தது.

அண்ணன் அதைப் பார்த்தான். ஆமாம், பார்த்தான் என்றே எழுதுகிறேன். மூக்கைச் சுளித்துக்கொண்டு இறங்கிக் கதவைச் சாத்தினான்.

"கொஞ்சம் பொறுல. இப்படியே ஏத்தினா எல்லாம் நாறிப் போகும். கடையில போய் இன்னும் ரெண்டு சாக்கு எடுத்தாரேன்."

கனகவல்லிதான் நிமிர்ந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, சத்தமே போடாமல் சொன்னாள்: "வேண்டாம் அத்தான். உங்க வண்டி சுத்தமா இருக்கட்டும்." என்னைப் பார்த்து, "ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

அண்ணன் பின்னால் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தான். நான் திரும்பவில்லை. ரோட்டில் வந்த டாக்ஸிக்குக் குறுக்கே போய் நின்றேன். தாடிவைத்த சர்தார்ஜி. இவளை ஒரு பார்வை பார்த்தார், உள்ளிருந்தபடியே பின்கதவைத் தள்ளித் திறந்தார். வழியில் ஒன்றும் கேட்கவில்லை. ஹாரனை மட்டும் விடாமல் அடித்தார்.

மத்தியானம் பெண் பிறந்தது. அழுதது. நல்லா அழுதது.

ஜூலை 17

அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். வார்டு வாசலைத் தாண்டவில்லை. குழந்தையை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டே எட்டிப் பார்த்து, மூக்கு நம் அம்மா மாதிரி என்றான். ஜாடை பார்க்க மட்டும் கிட்டே வரத் தெரிகிறது.

பிறகு குரலைத் தாழ்த்தினான். மதினி பேச்சைத் தட்ட முடியவில்லை, வண்டி வெளியேதான் நிற்கிறது, டிஸ்சார்ஜ் அன்றைக்கும் கொண்டுவருகிறேன் என்றான்.

"மதினியா கதவைச் சாத்துனா?" என்று கேட்டேன்.

ஆரஞ்சுப் பழப் பையைத் தரையில் வைத்துவிட்டுப் போனான். போகும்போது நடை தளர்ந்துதான் இருந்தது. கூப்பிடத் தோன்றவில்லை. பழத்தைப் பக்கத்துக் கட்டில்காரிக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 21

கடைக்குப் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பருப்பும் எண்ணெயும் வேறு கடையில். கனகவல்லி போகாதீர்கள் என்று சொல்லவில்லை. போங்கள் என்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 25, ஞாயிறு.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதல் முறையாக வெளியே போனோம், மாட்டுங்காவில் இருக்கிற கோயிலுக்கு. பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இல்லை. ஒரு மராத்திக்காரி, மீன் விற்றுவிட்டுக் காலிக்கூடையோடு உட்கார்ந்திருந்தாள். கனகவல்லி தடுமாறுவதைக் கண்டு கையை நீட்டிக் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச தூரத்தில் குழந்தை அவள் மடியிலேயே மூத்திரம் போய்விட்டது. பச்சைப் புடவை முழங்கால்வரை நனைந்தது. கனகவல்லிக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் பதறித் துண்டை எடுத்தேன்.

"அஸூ தே," இருக்கட்டும் என்றாள் அவள். தன் புடவையை விட்டுவிட்டு முந்தானையால் குழந்தையின் காலைத் துடைத்தாள்.

எங்கள் ஸ்டாப் வந்தது. குழந்தை அவள் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கியிருந்தது. கனகவல்லி என்னைப் பார்த்தாள். அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக் கோயிலுக்குத் திரும்ப நடந்தோம்.