மேலத்தெருக் கிணற்றடியில் நீங்கள் கேட்ட கேள்வி

ஐயா,

இன்று நெய்க்காரப்பட்டிப் பக்கம் ஒரு தோப்புக்குள் லைன் இழுக்க வேண்டியிருந்தது. கம்பி போகிற வழியில் நின்ற தென்னையை வெட்டிச் சாய்த்தோம். தோப்புக்காரர் கொண்டையைப் பிளந்து குருத்தை எடுத்து, "சாப்புடுங்க சார், வெட்டுன மரத்துக் குருத்த வேண்டாம்னு சொல்லக்கூடாதுங்க" என்று என் கையில் வைத்தார். வாயருகே கொண்டுபோனேன். அந்தப் பச்சை வாசம் மூக்கில் ஏறியதும் மெல்ல முடியவில்லை. அவசர வேலை என்று சொல்லி ஜீப்பில் ஏறிவிட்டேன். அவசரம் ஒன்றும் கிடையாது. உங்கள் தோப்பு ஞாபகம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

நீங்கள் காலமான அன்று ரேடியோவில் சொன்னார்கள். சுதந்திரத்துக்காகச் சிறை சென்றவர், மந்திரியாக இருந்தவர், வடக்கே ஒரு மாநிலத்துக்குக் கவர்னராக இருந்தவர் என்று வாசித்துவிட்டு மழை நிலவரத்துக்குப் போய்விட்டார்கள். அதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த நீங்கள் அதில் இல்லை.

திண்டுக்கல் மின்சார ஆபீசில் நான் சூப்பர்வைசராகச் சேர்ந்த புதிது. வரிசையில் நின்று வந்த கதர்த்துண்டுப் பெரியவரிடம், தலையைத் தூக்காமலேயே என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"எங்க ஊர்க் காலனிக்காரங்க கிணத்துக்கு மோட்டார் வச்சாச்சு தம்பி. கரண்டு வேணும்."

"கம்பம் இல்ல. அடுத்த வருசம் வாங்க."

எனக்குப் பின்னால் ஹெட்கிளார்க் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். ஆபீஸ் மொத்தமும் எழுந்து நின்றது. நீங்கள் யாரென்று அப்போதுதான் தெரிந்தது. அப்படியும் கம்பம் இல்லை என்றால் இல்லைதான். அதையே திரும்பச் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். கவர்னர் வேலையிலிருந்து ஊர் திரும்பிய பிறகு, உங்கள் முகத்துக்கு நேரே இல்லை என்று சொன்ன முதல் ஆள் நான்தான் என்று பின்னால் ஒரு நாள் சொன்னீர்கள்.

ஆத்தூர் போகிற பாதையில் இருக்கும் உங்கள் ஊரின் கதையை எனக்குச் சொன்னதும் நீங்கள்தான். ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டவர்களின் காலனி. அவர்களுக்கென்று சர்க்கார் வெட்டிய கிணறு, காலனியிலிருந்து வெகு தொலைவில், ஓடைக்கரையில். அங்கிருந்து தண்ணீரை ஏற்றக் குழாய் பதித்து, காலனியில் தொட்டியும் கட்டியாகிவிட்டது. மின்சாரம் மட்டும் வரவில்லை. அதுவரை காலனிப் பெண்கள் மேலத்தெருக் கிணற்றடியில் காலிக் குடத்தோடு ஒதுங்கி நிற்க வேண்டும். கயிற்றைத் தொடக்கூடாது. மேலத்தெருக்காரர் யாராவது மனசு வைத்து இறைத்து ஊற்றினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

கம்பங்கள் வந்தன. வந்த கையோடு என் மேலதிகாரி அவற்றை உங்கள் வீட்டு வாசல்வரை நடச் சொல்லிவிட்டார். "கவர்னரா இருந்தவரு தன் வீட்டுக்குக் கரண்டு வேணும்னு வாய்விட்டுக் கேப்பாரா? காலனின்னு சாடையாச் சொல்லுவாரு. நாமதான்யா புரிஞ்சுக்கணும்" என்றார். அந்த மரியாதையை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிகிறது.

நீங்கள் வெளியே வந்து கம்பத்தை அண்ணாந்து பார்த்தீர்கள்.

"யாரக் கேட்டு நட்டீக?"

லைன்மேன் சவரிமுத்து தலையைச் சொறிந்தார். "மரியாதைக்கு நட்டதுங்கய்யா."

"பிடுங்குங்க."

"முடியாது" என்றேன். "நட்டது நட்டதுதான். கிணத்துக்கு ரோட்டோரமாச் சுத்திப் போனா மிச்சக் கம்பம் பத்தாது. மோட்டார் ஓடுற அளவுக்கு வோல்டேஜும் நிக்காது. உங்க தோப்புக்குள்ள குறுக்கே போனா ரெண்டும் சரியாகும். ஆனா வழியில நிக்கிற தென்னை பூராம் போகும்."

நீங்கள் தோப்பையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் அப்பா வைத்த மரங்களா என்று கேட்டேன்.

"இல்ல அப்பு. நான் ஜெயில்ல கெடந்தப்ப என் வீட்டுக்காரி தனியாளா நட்டு, தண்ணி சொமந்து ஊத்துனது. இப்ப அவ இல்ல. இருந்தா, எனக்கு முந்தி அவளே அருவாளத் தூக்கியிருப்பா. வெட்டுங்க."

குருத்தை நீங்களே பிளந்தீர்கள். விழுந்து கிடந்த மரத்தின் மேல் உட்கார்ந்து, காலனி சனங்களை வரச்சொல்லி எல்லாருக்கும் உங்கள் கையாலேயே கொடுத்தீர்கள். மூக்கம்மாவை முதலில் பார்த்தது அங்கேதான். காலனிக்காக வாய் திறந்து பேசுகிறவர் அவர்தான்.

"கவர்னரு வீட்டுக் குருத்து தித்திக்கத்தான் செய்யுது" என்றார் மூக்கம்மா. "தண்ணி எப்பய்யா வரும்?"

"இவனக் கேளு. பொய் சொல்லத் தெரியாத பய."

"இவரா? வெஞ்சனத்துல உப்பில்லாத மாதிரியில்ல மூஞ்சிய வச்சிருக்காரு!"

சவரிமுத்து சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. அந்தச் சூட்டோடு நானும் உங்களைச் சீண்டினேன். கவர்னர் வேலை என்றால் என்ன வேலை, நீட்டின இடத்தில் கையெழுத்துப் போடுவதுதானே என்றேன்.

"அம்புட்டுத்தான் அப்பு. ஒரு தடவ வெள்ளம் வந்துச்சு. வீடு போன சனங்களுக்கு பங்களாத் தோட்டத்தத் தொறந்துவிட்டேன். அது ஒண்ணுதான் நானாச் செஞ்ச வேல. ரோசாச்செடி பூராம் மிதிபட்டுப் போச்சு. தோட்டக்காரன் ரொம்ப நாளைக்கு எங்கூடப் பேசல."

சனங்கள் கலைந்த பிறகு, மனசில் உறுத்தியதைக் கேட்டே விட்டேன். தனி மோட்டார், தனித் தொட்டி என்று கொடுத்தால், மேலத்தெருக் கிணறு மேலத்தெருவுக்கே என்று நாமே முத்திரை குத்தியது போல ஆகாதா? சவரிமுத்து குறடைக் கீழே போட்டுவிட்டார்.

"ஆகும்" என்றீர்கள். "அந்தக் கிணத்த எல்லாருக்கும் தொறக்கணும்னு வாலிபத்துல இருந்து கேக்குறேன். ஒருத்தனும் மாட்டேன்னு சொன்னதில்ல. 'ஆகட்டும்யா'ங்குறான். கவர்னரானப்பறம் இன்னும் குனிஞ்சு 'ஆகட்டும்யா'ங்குறான். அதுக்காக இவுகளத் தாகத்தோட நிறுத்தி வச்சா நான் ஜெயிக்கணும்? மொதல்ல குடிக்கட்டும்."

மோட்டார் ஓடிய அன்று காலனியில் பந்தல், தாசில்தார், மாலை எல்லாம் இருந்தன. உங்களை மட்டும் காணோம். எரிச்சலோடு தேடி வந்தேன். மேலத்தெருக் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தீர்கள், எதிரே ஊர்ப் பெரியவர் அம்பலகாரர்.

"இனிமே அவுகளுக்குத் தண்ணிக் கஷ்டம் இல்ல. இருக்கிற தண்ணி பத்தாதுன்னு ஒரு சாக்கு சொல்லிக்கிட்டிருந்தீக. அதுவும் போச்சு. இப்பச் சொல்லு. அவுக வந்து இந்தக் கயித்தப் புடிச்சா நீ என்ன செய்வ?"

"ஐயா சொன்னா ஆகட்டுங்கய்யா."

"என்னைய விடு. நீ என்ன செய்வ?"

அம்பலகாரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பணிவாக நின்றார். அன்றிலிருந்து உடம்புக்கு முடியாமல் போகிறவரை நீங்கள் சாயங்காலம்தோறும் அங்கே போய் அதே கேள்வியைக் கேட்டீர்கள். அவரும் அதே பணிவோடு நின்றார். வெட்டி வேலை என்று உங்களிடமே சொன்னேன். "ஒனக்கு சுவிட்சப் போட்டா எரியணும். செத்த நேரம் பொறு" என்றீர்கள். எனக்குப் பொறுக்கத் தெரியாது. நீங்கள் பதில் கிடைக்காமலே போய்ச் சேர்ந்தீர்கள்.

போன வாரம் சவரிமுத்துவோடு உங்கள் ஊர்ப் பக்கம் போயிருந்தேன். சாயங்காலம். மூக்கம்மா இடுப்பில் குடத்தோடு மேலத்தெருவுக்குள் நடந்துகொண்டிருந்தார்.

"மோட்டார் ரிப்பேரா?" என்றேன்.

"நல்லாத்தான் ஓடுது. தொட்டி ரொம்பி வழியுது."

பின்னாலேயே போனோம். வழக்கமாக ஒதுங்கி நிற்கிற இடத்தில் அவர் நிற்கவில்லை. நேராகப் போய் கிணற்றுச் சுவரின் மேல் குடத்தை வைத்தார். கிணற்றடியில் உட்கார்ந்திருந்த அம்பலகாரர் எழுந்துவிட்டார்.

"கவர்னரய்யா தெனம் ஒண்ணு கேட்டாரு" என்றார் மூக்கம்மா. "பதிலத் தெரிஞ்சுக்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

பணிவு காட்டுவதற்கு இப்போது எதிரே நீங்கள் இல்லை. நீங்கள் தினமும் நின்ற இடத்தை அம்பலகாரர் ஒருமுறை பார்த்தார். மூக்கம்மா கயிற்றைப் பிடித்துவிட்டார். சவரிமுத்து என் கையை இறுக்கிக்கொண்டார்.

"கொடத்த ஒரசாம வையி" என்றார் அம்பலகாரர் வெடுக்கென்று. "செவுத்துல காரை பேருது."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஐயா, அந்த ஆள் 'ஆகட்டும்' சொல்லவில்லை! வாளி கீழே இறங்கியது. யாரும் தடுக்கவில்லை. நிறைகுடத்தைத் தூக்கிவிட ஆளில்லாமல் மூக்கம்மா சுற்றிலும் பார்த்தபோது நான் போய்த் தூக்கிவிட்டேன்.

நாளைக்கு யாராவது வந்து அந்தக் கயிற்றைப் பிடுங்கலாம். அம்பலகாரரே மனசு மாறலாம். மேலத்தெருவில் இன்னும் எத்தனையோ வீடுகள் இருக்கின்றன, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாய் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் எனக்கு டூட்டி கிடையாது. உங்கள் கேள்வியைக் கேட்டுக்கொண்டு நான் அங்கே போய் நிற்பேன், ஐயா.